மருதானையில் இறங்கியவர்கள்

வாப்பாவுக்கு நாவலப்பிட்டியில் புடவைக்கடை. மாதத்துக்கு இரண்டு தடவை சரக்கு எடுக்கக் கொழும்புக்கு வருவார். பதுளையிலிருந்து வரும் இரவு மெயில் நடுச்சாமம் போல நாவலப்பிட்டிக்கு வரும். அதில் ஏறினால் விடியும் நேரத்துக்குக் கொழும்பு. சரக்கு எடுப்பது புறக்கோட்டையில். புறக்கோட்டைக்குக் கிட்டிய ஸ்டேசன் கோட்டை. ஆனாலும் வாப்பா கோட்டைக்குப் போகமாட்டார். ஒரு ஸ்டேசன் முந்தி, மருதானையிலேயே இறங்கிவிடுவார்.

எனக்கு ஒன்பது பத்து வயதில் முதன்முதலாக என்னையும் கூட்டி வந்தார். “ஏன் வாப்பா இங்க எறங்குறோம்? கடைத்தெரு அங்கதானே ஈக்கிது?” என்று கேட்டேன்.

“கோட்டேல எறங்கினா பட்டணம் மகன். மருதானேல எறங்கினா நம்மட ஆக்கள்” என்றார்.

மருதானைப் பள்ளியில் சுபஹ் தொழுதோம். பிறகு ஒரு தேத்தண்ணி. பள்ளிக்குப் பக்கத்திலேயே ஸாஹிராக் கல்லூரி. அதன் விடுதியில் நாநா படித்துக்கொண்டிருந்தார். உம்மா கட்டிக் கொடுத்த பார்சலை அவரிடம் கொடுத்துவிட்டு நடந்தே புறக்கோட்டைக்குப் போனோம். வாப்பாவைப் போலவே தொப்பி போட்ட, கையில் துணிப்பை வைத்த பலர் அந்த விடியலில் பல கோச்சிகளிலிருந்து இறங்கி அதே பள்ளியை நோக்கி நடந்ததை அன்று பார்த்தேன். மாத்தளையிலிருந்து வந்தவர், குருநாகலிலிருந்து வந்தவர், வேயங்கொடையிலிருந்து வந்தவர் என்று வாப்பா ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொன்னார். எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்தார்கள்.

நமது சமூகத்தின் வரலாற்றை எழுதும்போது பள்ளிவாசல்களிலிருந்து தொடங்குகிறோம். பாடசாலைகள், பத்திரிகைகள், தலைவர்கள், சட்டசபை என்று தொடர்கிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சிதறிக் கிடந்த ஊர்களை ஒன்றோடொன்று தொடுத்தது எது என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கான விடையில் பாதியாவது மருதானைப் புகையிரத நிலையத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைப் பற்றியதே இக்கட்டுரை.

தவளத்திலிருந்து தண்டவாளத்துக்கு

கோச்சி வருவதற்கு முன்பு இந்நாட்டின் உள்ளூர்களுக்குச் சரக்கு போனது எப்படி? பொதிமாடுகளின் முதுகில். அந்தப் பொதிமாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். கரையிலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் மலைக்கு ஏறும். மலையிலிருந்து பாக்கும் மிளகும் கரைக்கு இறங்கும். கண்டி இராச்சியத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்று ‘மடிகே பத்த’ என்ற தனித் திணைக்களமே இருந்தது. அதில் பெரும்பங்கு முஸ்லிம்களுடையது. கலாநிதி லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். மத்திய மலைநாட்டின் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் முஸ்லிம் குடியிருப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக அமைந்ததை விளங்கிக்கொள்ளத் தவளப் பாதைகள் ஒரு திறவுகோல்.

பிரித்தானியர் 1815இல் கண்டியைக் கைப்பற்றினார்கள். பிறகு தெருக்கள் வந்தன, மாட்டுவண்டிகள் வந்தன, கோப்பித் தோட்டங்கள் பெருகின. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர மாட்டுவண்டி போதவில்லை. வழியில் நாட்கணக்கு ஆகும். மழைக்காலத்தில் அதற்கும் மேல். தோட்டத்துரைமார் புகையிரதம் கேட்டார்கள். 1845இல் அமைக்கப்பட்ட தனியார் கம்பனி அந்த வேலையை முடிக்கவில்லை. 1858இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் முதல் மண்வெட்டி போட்டார். 1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் வண்டி அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. 54 கிலோமீற்றர் பாதை. 1865 ஒக்டோபரில் பொதுமக்கள் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். 1867இல் பாதை கண்டியை எட்டியது.

அதன் பிறகு நிற்கவில்லை. 1874இல் நாவலப்பிட்டி, 1880இல் மாத்தளை, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை. அதே 1894இல் குருநாகலுக்கும் காலிக்கும், மறுவருடம் மாத்தறைக்கும் பாதை போனது. 1905இல் யாழ்ப்பாணம். 1926இல் புத்தளம்.

இந்த ஆண்டுகளை வெறும் பட்டியலாக வாசிக்கக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வழியில் தவளம் ஒன்று நின்றுபோன ஆண்டு. சுமந்து பிழைத்தவர்களிடமிருந்து சுமையைப் புகையிரதம் எடுத்துக்கொண்டது. அவர்கள் என்ன செய்தார்கள்? சுமை இறங்கும் இடத்தில் கடை போட்டார்கள். பாதை எங்கே போய் நின்றதோ, அங்கே ஸ்டேசனுக்கு எதிர்த்தாற்போல ஒரு கடைத்தெரு உண்டானது. ரம்புக்கனை, கடுகண்ணாவை, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன் என்று மலைக்கு ஏறும் பாதை நெடுக அந்தக் கடைத்தெருக்களில் முஸ்லிம் பெயர்ப்பலகைகள் இருந்தன. இன்றும் இருக்கின்றன. கடைக்குப் பின்னால் ஒரு தைக்கா, பிறகு அது பள்ளி, பள்ளிக்குப் பக்கத்தில் ஓதல் பள்ளிக்கூடம், கொஞ்சம் தள்ளி மையவாடி. ஒரு ஊர் உருவாக அவ்வளவுதான் தேவை.

எங்கள் குடும்பக் கதையும் இதுதான். என் அப்பா, அதாவது வாப்பாவின் தகப்பனார், நாவலப்பிட்டிக்கு வந்தது ஸ்டேசன் இருந்தபடியால். “பொதிமாடு ஓட்டின கையால கஜக்கோல் புடிச்சம்” என்று அவர் சொல்வாராம். அவரை நான் கண்டதில்லை. வாப்பா வாயால் கேட்டதுதான். ஆனால் மலைநாட்டு முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் இந்த வசனத்தின் ஏதோ ஒரு வடிவத்தை நான் கேட்டிருக்கிறேன்.

நிலையத்துக்கு முந்திய மருதானை

இனி மருதானைக்கு வருவோம். 1865இல் கொழும்பின் முடிவிடமாகக் கட்டப்பட்டது இன்றைய மருதானை நிலையம் அல்ல. இன்றைய ஒல்கொட் மாவத்தைப் பக்கமாக இருந்த பழைய ‘டேர்மினஸ்’ கட்டடம்தான் அது. பாதை துறைமுகத்தையும் தெற்கையும் நோக்கி நீண்டு, போக்குவரத்தும் பெருகிய பிறகு அந்த இடம் போதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருதானைச் சந்தியில் புதிய நிலையம் எழுந்தது. கோட்டை நிலையம் 1917இல் திறக்கப்பட்டது. பழைய டேர்மினஸ் பிற்காலத்தில் சிலகாலம் புகையிரத நூதனசாலையாக இருந்தது. 2014 டிசம்பரில் நூதனசாலையைக் கடுகண்ணாவைக்குக் கொண்டுபோனார்கள்.

கவனிக்கவேண்டியது இதுதான்: நிலையம் வந்தபோது மருதானை வெறும் நிலமாக இருக்கவில்லை. பள்ளிவாசல் ஏற்கெனவே இருந்தது. அதன் நிழலில் 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாள் ஸாஹிராக் கல்லூரி. அறிஞர் சித்திலெவ்வை, வாப்பிச்சி மரைக்கார், எகிப்திலிருந்து 1883இல் இங்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷா ஆகியோரின் பெயர்கள் அந்தத் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. சித்திலெவ்வை கண்டிக்காரர். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். ஒராபி பாஷாவும் பிற்பகுதியைக் கண்டியில் கழித்தார். கண்டியும் கொழும்பும் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிட்ட காலம் அது. இரு நகரங்களிலும் கால் வைத்து ஒரே இயக்கத்தை நடத்த முடிந்தது என்பதைக் காலத்தின் வசதியோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

1905இல் இன்னொன்று நடந்தது. சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் நீதிமன்றில் தோன்ற உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அதை எதிர்த்து அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி முஸ்லிம்களின் பெருங்கூட்டம் கூடியது. கூடிய இடம் மருதானைப் பள்ளி வளவு. ஒரு சமூகம் இலங்கை முழுவதற்குமான ஒரே குரலில் பேச முயன்ற முதற் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. மலைநாட்டு வண்டியும் கரையோர வண்டியும் வந்து சேரும் ஒரு நகரத்தில்தான் அப்படியொரு கூட்டம் சாத்தியம்.

ஆக, மருதானையில் மூன்று விசயங்கள் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் வந்து அமைந்தன: தொழும் இடம், படிக்கும் இடம், வண்டி ஏறும் இடம். இந்த மூன்றையும் பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறோம். வாப்பாவின் ஒரு காலைநேரத்தில் மூன்றும் ஒன்றாக இருந்தன.

பாடசாலை போன பாதை

ஸாஹிராவின் அதிபராக 1921இலிருந்து 1948 வரை ரி.பி. ஜாயா இருந்தார். அவருக்குப் பின் 1961 வரை ஏ.எம்.ஏ. அஸீஸ். ஜாயா மலாய் இனத்தவர். மலைநாட்டின் கலகெதரையில் பிறந்தவர். அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இருவருடைய காலத்திலும் ஸாஹிராவின் விடுதி நாடு முழுவதிலிருந்தும் வந்த பிள்ளைகளால் நிறைந்திருந்தது. தவணை முடிந்த நாளில் டிரங்குப் பெட்டிகளோடு பிள்ளைகள் ஸ்டேசனுக்கு நடந்து போவார்கள். நாநா சொல்வார்: “ஒரே மேடையில நிப்போம். மட்டக்களப்புக்காரன் தனியாப் பேசுவான், காலிக்காரன் தனியாப் பேசுவான். ஒருத்தன்ட தமிழ் மத்தவனுக்கு வெளங்காது. ஆனா கோச்சி வாற வரைக்கும் ஒண்டாச் சிரிச்சோம்.”

இலங்கை முஸ்லிம் என்ற பொது அடையாளம் சட்டசபையில் பிறந்ததா, பத்திரிகையில் பிறந்ததா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். விடுதி அறையிலும் புகையிரத மேடையிலும் அதன் ஒரு பங்கு பிறந்தது என்று நான் சொல்வேன். கிழக்கின் விவசாயி மகனும் பேருவளை மாணிக்க வியாபாரி மகனும் மலைநாட்டுக் கடைக்காரன் மகனும் ஒருவரையொருவர் முதலில் கண்டது அங்கேதான்.

இன்னொரு விசயம். மருதானைக்கு வெளியே ஸாஹிரா என்ற பெயரைத் தாங்கி எழுந்த பாடசாலைகளைப் பாருங்கள்: கம்பளை, மாத்தளை, புத்தளம். மூன்றும் புகையிரத நிலையமுள்ள ஊர்கள். இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு கல்முனை. அங்கே தண்டவாளம் இன்றுவரை போகவில்லை. ஆனாலும் ஸாஹிரா இருக்கிறது. விதிவிலக்கையும் சேர்த்தே சொல்கிறேன். புகையிரதம் எல்லாவற்றையும் உண்டாக்கியது என்பது என் வாதம் அல்ல. அது போன இடங்களில் காரியம் இலேசாக நடந்தது. போகாத இடங்களில் மக்கள் தங்கள் முயற்சியால் நடத்தினார்கள்.

கடல் தாண்டி வந்த சீட்டு

1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் பாம்பன் பாலம் கட்டப்பட்டு தனுஷ்கோடி வரை தண்டவாளம் போனது. நடுவிலுள்ள கடலைக் கப்பல் கடந்தது. சென்னையில் எடுத்த ஒரே சீட்டில் கொழும்பு வந்து சேரலாம். ‘போட் மெயில்’ என்று எல்லோரும் சொன்னது இதைத்தான்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்களுக்கு இது பெரிய வழி. பாய்க்கப்பலுக்கும் காற்றுக்கும் காத்திருந்தவர்கள் இனி நேர அட்டவணையைப் பார்த்தால் போதும். அரிசி, புடவை, பலசரக்கு மட்டும் வரவில்லை. கிதாபுகள் வந்தன, அறபுத் தமிழ் நூல்கள் வந்தன, ஆலிம்கள் வந்தார்கள், மாப்பிள்ளைமாரும் வந்தார்கள். அவ்வண்டியும் மருதானையைத் தாண்டித்தான் கோட்டைக்குப் போகும்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. யுத்தம் தொடங்கிய காலத்தில், 1984இல், அதுவும் நின்றது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ‘காயல்காரர்’ என்று அறியப்பட்ட கடைகள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கைமாறியிருந்தன.

1915: அதே தண்டவாளம்

இதுவரை எழுதியதோடு நிறுத்திவிட்டால் இது ஒரு இனிமையான கட்டுரையாக முடியும். ஆனால் அது முழு உண்மையாக இராது.

1915 மே 28ஆம் திகதி இரவு, வெசாக் காலம். கண்டி காசல் ஹில் வீதியில் பள்ளிவாசலுக்கு முன்னால் பக்திப் பாடல் ஊர்வலம் ஒன்று போனபோது மோதல் உண்டானது. அதற்குப் பின்னணியாக, கம்பளையில் பெரஹரா பள்ளியைக் கடந்து மேளத்தோடு போகலாமா என்ற வழக்கு மூன்று ஆண்டுகளாக நடந்து, 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பாகியிருந்தது. கண்டியில் மூண்டது அடுத்த சில நாட்களில் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவியது. மே 31ஆம் திகதி கொழும்பை எட்டியது. ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அது ஐந்து மாகாணங்களுக்கு விரிந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, 80க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமாயின, உயிர்கள் போயின.

கொழும்பில் கலவரம் பற்றிய முக்கிய இடங்களில் ஒன்று மருதானை. பற்றவைத்தவர்களில் முக்கியமானவர்கள் அங்கிருந்த புகையிரத வேலைத்தலத் தொழிலாளர்கள். பேராசிரியர் குமாரி ஜயவர்தன இதை ஆதாரங்களோடு எழுதியிருக்கிறார். அவர் காட்டும் பின்னணியை நாம் பொறுமையாக வாசிக்கவேண்டும். அந்தத் தொழிலாளர்கள் 1912இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள். குறைந்த சம்பளம். 1914இல் உலக யுத்தம் தொடங்கியதும் சாமான் விலை ஏறியது. அவர்கள் கடனுக்குச் சாமான் வாங்கிய சில்லறைக் கடைகள் பல, இந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்களுடையவை. ஆட்சியாளர் மீதும் முதலாளி மீதும் இருந்த கோபம் கைக்கெட்டிய கடைக்காரன் மீது விழுந்தது. சம்பளத்தைத் தீர்மானித்தவன் கடைக்காரன் அல்ல. யுத்தத்தைத் தொடங்கியவனும் அவன் அல்ல. ஆனால் அவன் கடை வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

கலவரம் நடந்த ஊர்களை ஒரு தாளில் எழுதி, புகையிரத வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். கண்டி, கம்பளை, மாத்தளை, கடுகண்ணாவை, ரம்புக்கனை, கொழும்பு, பாணந்துறை. பெரும்பகுதி தண்டவாளத்தின் மேலேயே விழும். தண்டவாளம் செய்தியை வேகமாகக் கொண்டு போனது. ஆட்களையும் கொண்டு போனது. அதைவிட முக்கியம், கடைகள் அங்கேதான் இருந்தன. புகையிரதம் நம்மை ஒரு பாதை நெடுகக் கண்ணுக்குத் தெரியும்படி நிறுத்தி வைத்திருந்தது. வாழ்வு கொடுத்த அதே அமைப்பு, அடிபடவும் இடம் கொடுத்தது. கேகாலை போன்ற இடங்களில் ஸ்டேசன் இல்லாமலும் அழிவு நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. தண்டவாளம் கலவரத்தின் காரணம் அல்ல. கலவரம் போன வழிகளில் முக்கியமான வழி.

1915ஐப் பற்றி உடனே எழுதப்பட்ட இரண்டு பெரிய நூல்களும் அடுத்த ஆண்டே வெளிவந்தன. ஒன்று சேர் பொன்னம்பலம் இராமநாதனுடையது. மற்றது பத்திரிகையாளர் ஆர்மண்ட் டி சூசாவுடையது. இரண்டும் இராணுவச் சட்டத்தின் கீழ் சிங்கள மக்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைப் பேசுவன. அந்த அநியாயம் உண்மை. விசாரணை என்ற பெயரில் சுட்டுக் கொன்றார்கள். ஹென்றி பெதிரிஸ் என்ற இளைஞருக்கு மரணதண்டனை நிறைவேற்றினார்கள். அவற்றை எழுதியது நியாயம். ஆனால் கடை எரிந்தவன், பள்ளியில் ஒளிந்தவள், ஸ்டேசன் மேடையில் பிள்ளைகளோடு விடியும்வரை நின்றவன் ஆகியோரின் சொல் அந்தப் பக்கங்களில் இடம்பெறவில்லை. நாமும் எழுதவில்லை. அது பெரியவர்கள் வாயோடு போனது.

எங்கள் வீட்டில் 1915ஐப் பற்றிப் பேசமாட்டார்கள். ஒரேயொரு தடவை, மருதானை ஸ்டேசனுக்கு வெளியே நின்றுகொண்டு வாப்பா சொன்னார்: “இந்த ரோட்டுலதான் கொழும்பு மாமாட கட எரிஞ்சது. பொறகு திரும்பியும் இங்கேயே போட்டாரு.” ஏன் வேறிடம் போகவில்லை என்று கேட்டேன். “வேற எங்க போற? கோச்சி இங்கதானே நிக்கிது” என்றார். அன்று அது எனக்குச் சாதாரணப் பதிலாகத்தான் பட்டது. இன்று அதைவிடப் பெரிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வேலைத்தலங்கள் பின்னர் இரத்மலானைக்குப் போயின. 1923இல் கொழும்பில் நடந்த பெரிய பொது வேலைநிறுத்தமும் புகையிரதத் தொழிலாளரிடமிருந்தே தொடங்கியது. ஏ.ஈ. குணசிங்க தலைமையில் அவர்களுடைய கோபம் அப்போது சரியான முகவரிக்குப் போனது. எட்டு வருடம் முந்திப் போயிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கிழக்கும் வடக்கும்

மட்டக்களப்புக்கு 1928இல்தான் பாதை போனது. மாஹோவில் பிரிந்து, கல்ஓயாவில் மீண்டும் பிரிந்து, மன்னம்பிட்டியில் மகாவலியைத் தாண்டி, ஓட்டமாவடியில் வாவியைத் தாண்டிப் போகிறது. இந்த இரண்டு இடங்களிலும் நீண்டகாலம் ஒரே பாலம்தான்: கோச்சிக்கும் அதுவே, பஸ்ஸுக்கும் அதுவே. கோச்சி வரும்போது வாகனங்கள் காத்து நிற்கும். கிழக்கு மாகாண முஸ்லிம்கள் கொழும்போடு நெருங்கியதில் அந்தப் பாலங்களுக்குப் பெரிய இடம் உண்டு. ‘உதயதேவி’யில் ஏறி மருதானையில் இறங்கிய கிழக்கிலங்கை எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அரசியல்வாதிகளும் எத்தனை பேர்! கல்முனைக்காரரும் அக்கரைப்பற்றுக்காரரும் மட்டக்களப்பு வரை பஸ்ஸில் வந்து கோச்சி பிடிப்பார்கள்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு தலைமன்னார்ப் பாதையும் செயலிழந்தது. மன்னார்த் தீவிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்தவர்களும், வேறிடங்களிலிருந்து நடந்து வந்தவர்களும் புத்தளத்தில் தங்கினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துப் பதுங்குகுழிக்குக் கூரை போட்ட காலம் அது. யுத்தம் முடிந்த பிறகு பாதையை மீண்டும் போட்டார்கள். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 மார்ச்சில் தலைமன்னார் துறைக்கும் வண்டி போனது. வண்டி திரும்பிவிட்டது. ஆட்கள் முழுதாகத் திரும்பவில்லை. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மன்னார் வாப்பாவின் ஊர்; தங்கள் ஊர் அல்ல. தண்டவாளத்தைச் சில வருடத்தில் திரும்பப் போடலாம். அறுந்த குடும்பத் தொடர்பை அப்படிப் போட முடியாது.

இன்றைய மேடை

இப்போது மருதானை ஸ்டேசனில் காலை ஏழரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். மலைநாட்டுப் பாதை, வடக்கு கிழக்குப் பாதைகள், புத்தளப் பாதை, களனிப் பள்ளத்தாக்குப் பாதை என்று எல்லா வண்டிகளும் இந்த இடத்தைத் தொட்டுத்தான் கோட்டைக்குப் போகவேண்டும். கரையோரப் பாதை வண்டிகள் பல இங்கேயே தொடங்கி இங்கேயே முடிகின்றன. களனிப் பள்ளத்தாக்குப் பாதை ஒருகாலத்தில் இரண்டரை அடி அகலமான சின்னத் தண்டவாளம். 1990களில் அதையும் அகலப்பாதையாக மாற்றினார்கள். மேடை மாறுகிறவர்கள், மேம்பாலத்தில் ஓடுகிறவர்கள், சீசன் டிக்கட் காட்டுகிறவர்கள், வெளியே வந்து பொரளைக்கும் புறக்கோட்டைக்கும் பஸ் ஏறுகிறவர்கள். மூன்று மொழியிலும் அறிவிப்பு. பல ஸ்டேசன்களில் இன்னும் கட்டியான அட்டைச் சீட்டுத்தான். நூறு வருடத்துக்கு முந்திய ஒருவர் எழுந்து வந்தால் அந்தச் சீட்டை அடையாளம் கண்டுகொள்வார்.

ஸ்டேசனுக்குப் பக்கத்தால் போகும் டாளி வீதிக்கு இப்போது ரி.பி. ஜாயா மாவத்தை என்று பெயர். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று, அங்கே பஸ்ஸுக்கு நின்ற நமது பிள்ளைகள் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருந்தது.

2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களில் என் மகள் வேயங்கொடையிலிருந்து வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் தலையை மூடிய ஒரு பெண் கோச்சிப் பெட்டியில் ஏறுவது என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. பக்கத்து இடம் வெறுமையாக இருக்கும்; யாரும் இருக்கமாட்டார்கள். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அவளோடு வருடக்கணக்காக ஒரே பெட்டியில் வரும் ஒரு சிங்களப் பெண்மணி வந்து பக்கத்தில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. மருதானை வந்ததும், “மெல்ல இறங்குங்க மகள், சனம் கூட” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். மகள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதாள். நான் வாப்பா சொன்ன கொழும்பு மாமாவின் கடையை நினைத்தேன். 1915இலும் தம் வீடுகளில் முஸ்லிம்களை ஒளித்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் உண்டென்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெயர்களையும் நாம் எழுதி வைக்கவில்லை.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், மருதானை இனி இப்படியே இருக்காது. ஒரு போக்குவரத்து மையம் காலத்துக்கேற்ப மாறவேண்டும். மேடை உயரவேண்டும், மாற்றுத்திறனாளிகள் இறங்க வசதி வேண்டும், பஸ்ஸும் கோச்சியும் ஒழுங்காகச் சந்திக்கவேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. வாப்பா மூட்டு வலியோடு அந்தப் படிகளில் ஏறி இறங்கியதைக் கண்டவன் நான். ஆனால் கட்டடம் மாறும்போது அதோடு ஒட்டியிருக்கும் நினைவும் போய்விடும். கட்டடத்தைக் காப்பது அரசாங்கத்தின் வேலை. நினைவைக் காப்பது நம்முடைய வேலை.

செய்யக்கூடியது பெரிய காரியம் அல்ல. கடைத்தெருக் குடும்பங்களில் பழைய கணக்குக் கொப்பிகள் இன்னும் இருக்கின்றன. எந்தச் சரக்கு, எந்த வண்டியில், எந்த ஸ்டேசனுக்கு என்று அவற்றில் எழுதியிருக்கும். புகையிரதத்தில் சரக்கு அனுப்பிய பற்றுச்சீட்டுகள் சில வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும். பள்ளிவாசல் பதிவேடுகளில் மையித்து அடக்கிய விபரங்களில், இறந்தவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று இருக்கும். ஸாஹிரா விடுதியில் இருந்தவர்களில் 80 வயது தாண்டியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு கையடக்கத் தொலைபேசியை முன்னால் வைத்து, “முதல்முதலா கொழும்புக்கு எப்பிடி வந்தீங்க?” என்று கேட்டால் போதும். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக ஒரு ஊரின் வரலாறே வரும். நான் இதுவரை பதினொரு பேரிடம் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒன்பது பேருடைய கதை ஒரு ஸ்டேசன் மேடையில்தான் தொடங்கியது.

வாப்பாவிடம் நான் அப்படிக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றிய காலத்தில் அவர் மவுத்தாகிவிட்டார். நாவலப்பிட்டிக் கடையும் இப்போது வேறு கையில். அவருடைய கணக்குக் கொப்பி ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் சரக்கு விபரத்துக்குக் கீழே அவருடைய சாய்வான எழுத்தில் இப்படி இருக்கிறது: ‘மருதானை பள்ளிக்கு 2 ரூபா. தேத்தண்ணி 30 சதம். மகன் கூட வந்தது.’